காலையில் மட்டும் மக்கர் செய்யும் பிக்கப்புக்குக் குளிர் காரணமில்லை

அண்ணாச்சி, டீசல் பம்பைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோளாறு பம்பில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு ரப்பர்க் குழாயிலோ வாஷரிலோ, இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கிலோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் சொன்னதை, படிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை எடுத்துச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2016 மாடல், 2.5 லிட்டர் காமன்ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) டீசல் பிக்கப். களக்காட்டுப் பக்கத்திலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வாழைத்தார் ஏற்றி நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகிறது. கார்த்திகை கடைசியில் தொடங்கி, காலையில் இருபது முப்பது விநாடி செல்ஃப் அடித்தால்தான் இன்ஜின் பிடிக்கிறது. பிடித்ததும் ஒரு நிமிடம் தடுமாறி ஓடி, பிறகு ஒழுங்காகிவிடுகிறது. பகலில் எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது. மார்கழிக் குளிர்தான் காரணம் என்று சொல்லி சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினார்கள். பிறகு பேட்டரியையும் மாற்றினார்கள். ஒன்றும் மாறவில்லை. இப்போது பம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இவற்றுக்கு நடுவே நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: டேங்க் நிறைய டீசல் போட்ட மறுநாள் காலை மட்டும் அவ்வளவு தொல்லை இல்லை. உங்கள் கேள்வி முழுவதிலும் எனக்கு மிகவும் உதவியது அந்த வரிதான்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீண் செலவெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் திருநெல்வேலிச் சமவெளியில் மார்கழி, தை மாத விடியலில்கூட வெப்பநிலை இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு அது குளிர்தான். இன்ஜினுக்கு அது குளிரே இல்லை. டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. குளிர்கால டீசல் 6 டிகிரி வரையிலும், கோடைக்கால டீசல் 18 டிகிரி வரையிலும் ஃபில்டர் வழியே தடையில்லாமல் போக வேண்டும். ஆகவே களக்காட்டிலோ நாங்குநேரியிலோ டீசல் உறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. மாஞ்சோலை, ஊத்து போல ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலை எஸ்டேட்டில் இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் கணக்கு வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குறையும். அங்கே ஹீட்டர் பிளக்கும் பேட்டரியும் உண்மையாகவே சோதிக்கப்படும். ஆனால் உங்கள் வண்டி நிற்பது உங்கள் வீட்டு வாசலில்.

அப்படியானால் காலையில் மட்டும் ஏன்? இங்கேதான் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் வண்டிக்கு இரண்டு காரியங்கள் நடக்கின்றன: ஒன்று, அது குளிர்கிறது, இன்னொன்று, அது எட்டு ஒன்பது மணி நேரம் அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் பழி முழுவதும் குளிர் மேல் விழுகிறது. நம் ஊரில் காலை ஸ்டார்ட்டிங் தொல்லை என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை நின்ற நேரம்தான் கெடுக்கிறது. இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு, மாலை வரை தொடாமல் வெயிலில் விட்டுவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு, உடல் வேர்க்கிற வெக்கையில், அதே இருபது விநாடி இழுத்தால், குளிருக்கும் உங்கள் தொல்லைக்கும் சம்பந்தமில்லை என்பது அங்கேயே உறுதியாகிவிடும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு பதினெட்டு மடங்கு இறுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எனவே ஸ்டார்ட் ஆவதற்கு மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுழற்சி, போதிய சூடு, சரியான அழுத்தத்தில் டீசல். இவற்றில் எது குறைகிறது என்பதை அறிய மிக மலிவான கருவி சைலன்சர் குழாய். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச் வெளிச்சத்தை அந்தக் குழாயின் வாய்க்குக் குறுக்கே அடித்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போதே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்து, டீசல் நெடி மூக்கில் ஏறினால், டீசல் சிலிண்டருக்குள் வருகிறது, பற்றத்தான் மாட்டேன் என்கிறது என்று பொருள். அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகும் அளவு), சுழலும் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை. பிடித்த பிறகு கரும்புகை கொட்டினால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். பிடிப்பதற்கு முன் புகை வருவதில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் ஹீட்டர் பிளக் மாற்றியதில் பயன் கிடைக்கவில்லை. வந்து சேராத டீசலை எந்தப் பிளக்காலும் பற்ற வைக்க முடியாது.

இனி டீசல் ஏன் வந்து சேரவில்லை என்று பார்ப்போம். இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கிறது. விரலை எடுத்தால் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் வண்டியில் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் வரை உள்ள குழாயும் அப்படித்தான். டேங்க் தாழ இருக்கிறது, இன்ஜின் மேலே இருக்கிறது. குழாய் எங்கும் இறுக்கமாக இருக்கும் வரை டீசல் இறங்காது. எங்காவது ஓர் இடத்தில் மயிரிழை வழி கிடைத்தாலும் இரவெல்லாம் காற்று உள்ளே நுழைந்து டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் முதலில் அந்தக் காற்றை இழுத்துத் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் இருபது விநாடி. காமன்ரெயில் வண்டியில் ரெயிலின், அதாவது அந்தப் பொதுக் குழாயின், அழுத்தம் சுமார் 200 பார் அளவை எட்டினால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கச் சொல்லும். காற்று கலந்த டீசலில் அந்த அழுத்தம் ஏறாது. பிடித்ததும் ஒரு நிமிடம் தடுமாறுவது மிச்சமிருந்த காற்றுக் குமிழிகள் கடந்துபோவதால். டேங்க் நிறைந்திருக்கும் நாளில் தொல்லை குறைவதற்கும் இதுவே காரணம்: டேங்கில் டீசல் மட்டம் உயர்ந்தால், குழாயில் உள்ளதைக் கீழே இழுக்கும் உயர வேறுபாடு குறைகிறது.

இந்தக் குழாய் இழுக்கும் பக்கம் என்பதால், ஓட்டை இருந்தாலும் டீசல் பெரும்பாலும் வெளியே சொட்டாது. கீழே தரை காய்ந்திருக்கிறது, ஆகவே லீக் இல்லை என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். டேங்குக்குள்ளேயே மின் பம்ப் வைத்த வண்டிகளில் மட்டும் அந்தக் குழாய் அழுத்தத்தில் இருப்பதால் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில் நானே தவறு செய்தேன் என்பதால். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் அது. தொல்லை அச்சு அசலாக உங்களுடையது. ஃபில்டரையும் அதன் மேல் உள்ள கைப்பம்பையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவே வைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயில், கிளிப்புக்கு ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் மட்டும் புழுதி கறுத்து அப்பியிருந்தது. துடைத்தபோது நல்ல குழாய் போலத்தான் இருந்தது. வளைத்தபோது மட்டும் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஒரு ஜாண் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டதோடு வேலை முடிந்தது. மாற்றிய ஃபில்டருக்கும் கைப்பம்புக்கும் நான் வாங்கிய பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, சோதித்து உறுதி செய்யாமல் எந்தப் பொருளையும் மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் வண்டிக்கும் அதே வரிசையில் போங்கள். நாளை அதிகாலை, சாவியைத் தொடுவதற்கு முன், ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். இரவில் டீசல் இறங்கியிருந்தால் முதல் பத்து இருபது அழுத்தம் வெறும் காற்றாக, கனமில்லாமல் போகும். பிறகுதான் கையில் எதிர்ப்புத் தெரியும். அதன்பின் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் பாதி வழக்கு தீர்ந்தது. மறுநாள் இரவு, வண்டியின் முகம் தாழவும் பின்பக்கம் உயரவும் இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். குளத்துக் கரையிலிருந்து இறங்கும் தடம் போதும். கை பிரேக்கோடு நிற்காமல் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரிலும் விட்டுவிடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நியூட்ரலுக்கு எடுக்க மறக்க வேண்டாம். டேங்க் பின்னால் இருப்பதால் அந்தச் சரிவில் டீசல் இறங்குவது குறையும். அன்று காலை ஒரே தொடலில் பிடித்தால் இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாயைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, ஒரு முழ நீளம் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயைக் கிளிப் போட்டு இணைத்து, ஸ்டார்ட் செய்து, குமிழி ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஒன்றிரண்டு போய் நின்றால் பரவாயில்லை. தொடர்ந்து ஓடினால், அதற்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது. அடுத்து அதே குழாயை ஃபில்டருக்கு முன்பக்கம் மாட்டிப் பாருங்கள். அங்கே சுத்தமாக வந்தால் குற்றம் ஃபில்டர் கூட்டில், அதாவது ஓ ரிங்கிலோ, தண்ணீர் வடிக்கும் திருகிலோ, கைப்பம்பிலோ. அங்கேயும் குமிழி வந்தால் டேங்க் வரை உள்ள குழாயிலும் இணைப்புகளிலும் தேடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் குழாயைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். டீசலிலும் இன்ஜின் சூட்டிலும் அது தாங்காது. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ ரிங்கையே திரும்பப் போடுவதும், செம்பு வாஷரை மாற்றாமல் முறுக்குவதும் நம் பக்கத்தில் சர்வசாதாரணம். உங்கள் தொல்லை ஃபில்டர் மாற்றிய சில நாட்களில் தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆம் என்றால் முதலில் அங்கேயே கை வையுங்கள்.

பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறீர்கள் என்றாலும் அதன் ஒயர்களை யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பேட்டரியைக் கெடுப்பது மார்கழி அல்ல, சித்திரை வைகாசி வெயில். அந்த வெக்கையில் தண்ணீர் வற்றித் தகடு அரித்துப் பலம் குறைந்த பேட்டரி, மார்கழிக் காலையில்தான் அதை வெளியே காட்டுகிறது. இரவு நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மல்டி மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில் கரண்ட் வீணாகிறது. எர்த் பட்டை சேசிஸோடு சேரும் இடத்தில் போல்ட்டைக் கழற்றி, உப்புத் தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து முறுக்கினால் போதும். பத்து நிமிட வேலை. பல புது பேட்டரிகளின் விலையை மிச்சப்படுத்தும் வேலை.

ஹீட்டர் பிளக்கைப் பொறுத்தவரை, புதிது போட்டதைவிட அதற்குக் கரண்ட் வருகிறதா என்பதே முக்கியம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சாவியை ஆன் செய்து, பிளக் பட்டையில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், கூலன்ட் வெப்ப சென்சார் ஆகியவற்றில் ஒன்று தவறு. இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாகச் சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் பிளக்கை எரியவிடாது. நல்ல பிளக்கின் தடை பொதுவாக ஓர் ஓம் அளவில் இருக்கும். முழுதாக அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. உங்கள் வண்டி போல, சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பீய்ச்சும் இன்ஜின், இருபத்திரண்டு டிகிரியில் பிளக் இல்லாமலேயே சற்றுப் புகைந்து பிடித்துவிடும். சிலிண்டரை ஒட்டிய தனிச் சிறு அறையில் டீசல் எரியத் தொடங்கும் பழைய வகைச் சிறிய இன்ஜின்களுக்குத்தான் சமவெளியிலும் பிளக் கட்டாயம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்டருக்கும் மோட்டாருக்கும் வாங்கி வைத்த பேரல் டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றும் வழக்கம் வாழை விவசாயிகளிடம் உண்டு. பேரலின் அடியில் தண்ணீரும் துருவும் தங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு பிடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். டீசல் மேலே நின்று, தண்ணீர் தனிக் கோடாகக் கீழே தெரியும். தெரிந்தால், டேங்கையும் வடித்துச் சுத்தம் செய்யாமல் விடக் கூடாது. காமன்ரெயில் பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் எண்ணெய், தண்ணீர் அவற்றை அரித்துவிடும். திருகை மூடும்போது அதன் வாஷரைக் கவனியுங்கள், இல்லையென்றால் காற்று நுழையப் புதிதாக ஒரு வழியை நீங்களே திறந்துவிட்டதாக ஆகும்.

கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வெள்ளைப் புகையோடு நெடுநேரம் இழுக்கும், ஆயில் குடிக்கும், மேட்டில் இழுவை குறையும். உங்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நாசில்களிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் (ரிட்டர்ன்) அதிகமாகி ரெயில் அழுத்தம் ஏறாமல் போகும் கோளாறும் உண்டு. ஆனால் அது டீசல் சூடேறி நீர்த்திருக்கும்போதுதான் கூடுதலாகத் தலைகாட்டும். அதாவது, மதியம் டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது தகராறு செய்யும். பகலில் தொட்டதும் பிடிக்கும் வண்டியில் நாசிலையும் பம்பையும் முதலில் சந்தேகிக்க நியாயம் இல்லை.

சில பழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியை வைப்பதும், ஈத்தர் ஸ்பிரே அடிப்பதும், ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் பிஸ்டனையே உடைத்துவிடும், தீயும் பிடிக்கும். செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். செல்ஃப் ஒருமுறை டக்கென்று இடித்து நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் அல்லது டீசல் தேங்கியிருக்கலாம், அதற்குமேல் ஒரு முறைகூட முயல வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது: பழைய வண்டிகளில் செய்வதைப் போல, நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்க யாரையும் விடாதீர்கள். காமன்ரெயிலில் ஓடும்போது அழுத்தம் 1,600 பார் வரை போகும்; அந்தப் பீச்சு கையில் பட்டால் தோலைத் துளைத்து டீசல் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே விரலையே இழக்கும் அளவுக்குச் சேதம் இருக்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைப்பம்பு அழுத்தியும், சரிவில் நிறுத்தியும், பிளாஸ்டிக் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமலும், காலையில் அதே இருபது விநாடி இழுத்தால் மட்டும், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரை விடியற்காலையில் வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பத்து மணிக்குச் சோதித்தால் கோளாறு அதற்குள் மறைந்திருக்கும். முதல் செல்ஃபிலேயே ரெயில் அழுத்தம் எத்தனை விநாடியில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழாயில் காற்றில்லாமல் டீசல் முழுதாக வந்தும் அந்த எண் ஏறாமல் நின்றால், அப்போது நாசில் ரிட்டர்னை அளந்து பார்த்துவிட்டு, அதுவும் சரியாக இருந்தால் பம்பைக் கழற்றலாம்.